தெரிஞ்சவங்க பொண்ணு

பல் டாக்டரிடம் டோக்கன் எண் பதினொன்று. உள்ளே போயிருப்பது ஏழு. ஆளுக்குக் கால் மணி என்று வைத்தாலும் இன்னும் ஒரு மணி நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும் என்று அர்த்தநாரி கணக்குப் போட்டார். போட்டு முடிந்ததும் செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் மறுபடி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். அவருக்கும் சுகந்திக்கும் நடுவில் இருந்த நாற்காலி. நீல பிளாஸ்டிக், கைப்பிடியில் யாரோ சாவியால் கீறிய ஒரு கோடு. உள்ளே வந்ததும் அவர்தான் முதலில் உட்கார்ந்து பக்கத்தைத் தட்டி, “உக்காரு கண்ணு” என்றார். அவள் அவர் தட்டிய இடத்தைப் பார்த்தாள். அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். ஒன்று விட்டு அடுத்ததில் உட்கார்ந்து, பையை மடியில் நேராக வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள். இருபத்தேழு வயதுப் பெண், பெற்ற மகள், தகப்பனுக்கு ஒரு நாற்காலி தள்ளி. எதிரே பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா காலி நாற்காலியை ஒரு தரம் பார்த்தார். தன் பையை வைக்க இடம் தேடியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அர்த்தநாரிக்குக் காது சூடாகிவிட்டது. மனுசனுக்கு வெட்கம் வந்துவிட்டால் உலகத்தில் இருக்கிற கண் எல்லாம் தன்னைத்தான் பார்க்கிறது என்று ஒரு எண்ணம் வரும் பாருங்கள், அது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்குப் புதன்.

சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. மூலையில் ஒரு தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருந்தது. யாராவது டம்ளரில் பிடித்தால் உள்ளே ஒரு குமிழி எழும்பி மேலே போகும், தண்ணீர் ஒரு நூல் இறங்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் அவர் பக்கம் சாய்ந்து இதற்குள் நாலு தடவை சொல்லியிருப்பாள். எத்தனை விரற்கடை இறங்கியது, எவ்வளவு திறப்பு, வரத்து இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு அணைதான் எல்லாம். காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர், பவானிசாகர், அமராவதி, மூன்றின் நீர்மட்டமும் வரத்தும் திறப்பும் பார்த்து, அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பேப்பர் எழுதுகிற தமிழிலேயே ஒப்பிப்பாள். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று காலை நிலவரப்படி. தாடையில் சோப்புடன் அவர் “ம்” என்பார். பதினைந்து வருஷம் “ம்” என்றிருக்கிறார். அதில் எத்தனை “ம்” காதில் வாங்கிச் சொன்னது, எத்தனை “ம்” சும்மா சொன்னது என்று யாராவது கேட்டால் தலையைக் குனிய வேண்டியதுதான். திங்கட்கிழமை காலையில் சோப்புப் போட்டுக்கொண்டு அவர் காத்திருந்தார். அவள் வந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கையைக் குவித்து, “வணக்கம் சார்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நீர்மட்டத்தை அம்மாவிடம் சொன்னாள், அவர் காதில் விழாத மாதிரி மெல்ல. தாடையில் சோப்பு காய்ந்து இழுத்தது.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. “என்னுங்க இது புதுசா, உங்களைய சார்ங்கறா?” என்று மனைவி சுலோச்சனா அடுக்களையிலிருந்து கேட்டாள். “வெளையாடறா” என்றார். “அவ எங்கீங்க வெளையாடுனா?” என்றாள் சுலோச்சனா. அது உண்மை. சுகந்திக்கு விளையாட்டுப் பேச்சு கிடையாது. சொன்னால் சொன்னதுதான். மற்றவர் சொன்னாலும் சொன்னதுதான் என்றே எடுத்துக்கொள்வாள். அதைச் சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், ஆட்டிசம் என்ற பெயரைச் சொன்ன அன்றைக்கே. பெயரைக் கேட்டு அர்த்தநாரி அன்று அழுதார், பிறகு பழகிவிட்டது, இப்போது யாராவது கேட்டால் தெளிவாகவே விளக்கிச் சொல்வார், ஒரு காலத்தில் அழுதோமே என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா பரமேசுவரியின் மகனுக்குப் பெருந்துறை மண்டபத்தில் கல்யாணம். சுலோச்சனா மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். இவர் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு பந்திக்குப் போனார், கூட்டம் சேருவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டால் அவளுக்கு நல்லது என்று. அதுவும் உண்மைதான், ஆனால் முழு உண்மையா? கூட்டம் சேருவதற்கு முன்னால் முடித்துவிட்டால் அவருக்கும் நல்லதுதானே. இலை போட்டார்கள். அவருக்கு இடது பக்கம் சுகந்தி, வலது பக்கம் பெண் வீட்டுக்காரர் ஒருவர். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, மணிக்கட்டில் பட்டை வாட்ச், சந்தன வாசம். பையன் என்ன படிச்சிருக்கான், நீங்க என்ன பண்றீங்க, பத்திர ஆபீஸ்ங்களா, நல்லதுங்க என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். இனிப்பு வைத்தார்கள். அப்பளம் வைத்தார்கள். தண்ணீர் ஊற்றுகிறவன் வந்தான். சுகந்தி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தாள், தொண்டையில் அந்த ‘ம்ம்ம்’ வந்தது, அப்புறம் ஏதோ சத்தமாகச் சொன்னாள். அணைதான், வேறென்ன சொல்வாள். எதிர்ப்பந்தியில் இரண்டு பேர் திரும்பினார்கள். தங்க ஃபிரேம் சாய்ந்து பார்த்துவிட்டு, “உங்க பொண்ணுங்களா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அதில் கேலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அர்த்தநாரியின் வாய் சொன்னது: “இல்லீங்க. தெரிஞ்சவங்க பொண்ணு. கூடக் கூட்டிட்டு வந்தனுங்க.”

அந்த ஆளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவரால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. ஏதாவது ஒரு லாபத்துக்காகப் பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லியிருந்தாலாவது, பாவி, லாபத்துக்காகச் சொன்னான் என்று தன்னைத் திட்டிக்கொள்ளலாம். இது ஒரு வாய் இனிப்புக்கும் ஒரு வாய் சோற்றுக்கும் நடுவில், பத்து நிமிஷம் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக. சொல்லி முடித்ததும் இடது பக்கம் ஆட்டம் நின்றது. ‘ம்ம்ம்’ நின்றது. அப்பாடா என்றுகூட அவருக்கு இருந்தது, அதையும் மறைப்பானேன். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. இலையை மூடினாள், தன் பக்கமாக, சரியாக, சொல்லிக்கொடுத்தபடி.

எட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். கன்னத்தில் கைக்குட்டை வைத்த பெரியவர் எழுந்து போனார். கதவு திறந்து மூடுவதற்குள் உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது, பல்லைக் குடைகிற மிஷின். சுகந்தியின் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கின. அர்த்தநாரியின் கை தன்பாட்டில் நீண்டது, காலி நாற்காலிக்கு மேல் வரைக்கும் போய், அங்கேயே நின்று, திரும்பி வந்து முழங்காலில் உட்கார்ந்துகொண்டது. தொடக் கூடாது. தெரிஞ்சவங்க தொடக் கூடாது. அவரே எழுதியது. நூறு பக்க நீள நோட்டு, எட்டு வருஷத்துக்கு முன்னால், பஸ்ஸில் யாரோ ஒருவனிடம் அவள் அணைக்கதை சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்த நாளுக்கு மறுநாள். ஈரோட்டில் அவளுக்குப் பாடம் சொன்ன டீச்சர், எழுதிக் கொடுங்க, எழுதினதை அவள் விடமாட்டாள் என்றார். இவர் பத்திர எழுத்தர், எழுதக் கேட்க வேண்டுமா? கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். முதல் பக்கம், நம்ம ஆளுங்க: அப்பா, அம்மா, பரமேசுவரி அத்தை. நம்ம ஆளுங்களிடம் அணை பேசலாம், கையைப் பிடிக்கலாம், எங்கே வலிக்கிறது என்று சொல்லலாம். இரண்டாம் பக்கம், தெரிஞ்சவங்க: பார்த்தால் கையைக் குவித்து வணக்கம் சார், வணக்கம் மேடம் என்று சொல்ல வேண்டும். ஒரு நாற்காலி விட்டு உட்கார வேண்டும். அணை பேசக் கூடாது. தொடக் கூடாது, தொட விடக் கூடாது. உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது. பயத்தில் எழுதினார், அவள் நல்லதுக்கு எழுதினார், இன்றைக்கும் அதில் ஒரு வரியைத் தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை ராத்திரி அந்த நோட்டை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் ‘அப்பா’ ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ‘அர்த்தநாரி’ என்று சேர்க்கப்பட்டிருந்தது. ஓரத்தில், பத்திரத்தில் போடுவது போலவே, ‘அடித்தல் 1, சேர்த்தல் 1’ என்று குறிப்பு. அதற்குக் கீழே அவள் கையெழுத்து. கோபம் இல்லை, அழுகை இல்லை. தகவல் மாறியது, பதிவை மாற்றினாள்.

அதை அவள் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் அவர் எழுதிக்கொண்டு வருகிற பத்திரங்களைப் படித்துப் பார்ப்பது அவள்தான். சர்வே நம்பர், உட்பிரிவு, வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வண்டிப்பாதை, ஒரு இலக்கம் தப்பினால் விரலை வைத்துவிடுவாள். போன மாசம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் தாத்தா பெயரும் இடம் மாறியிருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அர்த்தநாரி எழுதினால் பிழை இருக்காது என்று பவானி வட்டாரத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை அவர் இருபது வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார். ஆபீஸ் எதிரே இருக்கிற அவருடைய கடையில் மூன்று ஸ்டூல் இருக்கிறது, ஒன்று எப்போதும் காலிதான். ‘அங்கே வந்து உக்காரு, நீயே பார்த்துக் கொடு’ என்று ஒரு நாள் அவர் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வெயில், தூசி, ஆள் போக்குவரத்து, அவளுக்குத்தான் கஷ்டம். அவளுக்குத்தான். எவ்வளவு சுலபமாக வருகிறது இந்த ‘அவளுக்குத்தான்’. அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுதுகிற வாசகமே ‘இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார்’ என்பதுதான். ஊரில் யார் யாருடைய பிள்ளை என்று முத்திரைத்தாளில் சந்தேகமில்லாமல் எழுதிக் கொடுக்கிற மனுசன், இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வாயில் சோற்றோடு.

இன்று காலையில் அவள் தோசையைத் தள்ளி வைத்தாள். சுலோச்சனா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறினாள். இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. “எத்தனை அடி சாமி?” என்று கேட்டாள். வலியைப் பற்றி இந்த வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள். அதைக் கண்டுபிடித்தது சுலோச்சனாதான். சுகந்திக்குப் பதிமூன்று வயது, ஒரு நாள் காலையில் வந்து மேட்டூர் நூற்றுப் பத்தொன்பது என்றாள். அன்றைக்குப் பேப்பரில் அறுபத்து மூன்று. அர்த்தநாரி “ம்” என்றார். சுலோச்சனா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, இவ நம்பரைத் தப்பாச் சொல்லமாட்டாளே என்று எழுந்து வந்து நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் கொதித்தது. அதிலிருந்து தெரிந்தது: சரியான நம்பர் சொன்னால் அது அணை, தப்பான நம்பர் சொன்னால் அது உடம்பு. மேட்டூர் என்றால் தலை, பவானிசாகர் வயிறு, அமராவதி கால். மேட்டூருக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று இரண்டு கால்வாய் உண்டல்லவா, மேப்பில் மேற்கு இடது கைப்பக்கம், அதனால் இடது காது, இடது கன்னமெல்லாம் மேற்குக் கரை. நூற்றிருபது அடி நிரம்பினால் அதற்கு மேல் தாங்காது. எத்தனையோ டாக்டர்கள், எத்தனையோ பாடம், கடைசியில் ஒரு ரேஷன் கடை சேல்ஸ்வுமன் அரிசி களைகிற கையோடு கண்டுபிடித்தாள். ஒரு வலியை அவளாக ஒரு தரம்தான் வந்து சொல்வாள், ஏறினால்தான் மறுபடி, பேப்பரிலும் ஒரு நம்பரை ஒரு தரம்தானே போடுகிறார்கள். இன்று சுலோச்சனா கேட்டதற்கு, “சொல்லியாச்சு” என்றாள். “யாருகிட்டச் சொன்னே?” அவள் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். “உங்ககிட்டச் சொன்னாளுங்களா?” என்று சுலோச்சனா அவரைப் பார்த்தாள். “இல்லியே” என்றார். அந்த ‘இல்லியே’ சொல்லும்போது நாக்கு ஒரு கணம் எதிலோ தட்டியது. எதில் என்று பார்ப்பதற்குள் சுலோச்சனா கிளம்பிவிட்டாள். ரேஷன் கடையில் இன்றைக்குச் சரக்கு இறங்குகிறது, லீவு போட முடியாது. “நீங்க கூடப் போங்க. சேர்ல உக்கார வெச்சதும் எத்தனை அடின்னு கேட்டுட்டே இருங்க. நூறுக்கு மேல போச்சுன்னா டாக்டரை நிறுத்தச் சொல்லுங்க. அவ உங்ககிட்டச் சொல்லுவா” என்றாள். அவர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமலேயே தலையாட்டினார்.

சொல்லமாட்டாள். அதுதான் இந்த ஒரு மணி நேரத்தின் விஷயம். அந்தச் சேரில் சாய்ந்ததும் அவர் கேட்பார், அவள் கையைக் குவித்து வணக்கம் சார் என்பாள், மிஷின் ஓட ஆரம்பிக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் வேறொரு பல் டாக்டரிடம் எத்தனை அடி என்று யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு அவசரம், இவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே நின்று இவர் கேட்டார், உள்ளே இருந்து ஒரே சொல், நூத்தி இருபது, நூத்தி இருபது, நூத்தி இருபது. என்னமோ கத்தறாங்க என்றாள் நர்ஸ். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் வாயைத் திறந்து பல் துலக்கவில்லை. இன்றைக்கு உள்ளே போகிற ஆள் அவர் ஒருவர்தான். அவரோ இரண்டாம் பக்கத்தில் இருக்கிறார். அன்று என்ன சொன்னாள்? பந்தியில். ஏதோ சொன்னாள். அதைப் பிடிக்கப் போனால் சாம்பார் வாளியின் சத்தம் வருகிறது, அப்பளம் நொறுங்குகிற சத்தம் வருகிறது, எதிர்ப்பந்தியில் இரண்டு தலை திரும்புகிறது, தங்க ஃபிரேம் சாய்கிறது, உங்க பொண்ணுங்களா. அதற்கு முன்னால் அவள் சொன்னது மட்டும் வருவதில்லை. அவ்வளவு சத்தமாகச் சொன்னாள், மண்டபத்தில் பாதிப்பேர் கேட்டார்கள், அவர் மட்டும் கேட்கவில்லை. யார் யார் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்?

ஒன்பதும் பத்தும் உள்ளே போன பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தோடு வந்தாள். “பதினொண்ணு நீங்கதானுங்களே? பேரு, வயசு சொல்லுங்க.” சொன்னார். “கூட வந்திருக்கறவங்க உறவு என்னன்னு போடணுங்க. நீங்க இவங்களுக்கு யாருங்க?” அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த மூன்றாவது நாற்காலியிலிருந்து, தண்ணீர் கேனைப் பார்த்தபடி, தெளிவாக, சுகந்தி சொன்னாள்: “தெரிஞ்சவங்க.”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். எதிரே இருந்த அம்மா பார்த்தார். கம்பி கட்டிய பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “தெரிஞ்சவங்கன்னா உள்ள விடமாட்டாங்களேங்க. வீட்டு ஆளுங்க யாராச்சும் வரணும்.”

“நான் அப்பாதானுங்க” என்றார் அர்த்தநாரி. குரல் திருடன் குரல் மாதிரி வந்தது.

“தெரிஞ்சவங்க பொண்ணு. பந்தியில சொன்னாங்க” என்றாள் சுகந்தி.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. செருப்பு வாசலில்தான் கிடக்கிறது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான். அந்த ஒரு நொடியையும் அவர் பிறகு ரொம்ப நாள் நினைத்து வெட்கப்படப் போகிறார், ஆனால் எழுந்தது வாசலுக்கு இல்லை. அவளுக்கு முன்னால் போய், முகத்துக்கு நேராக நிற்காமல், அவளுக்குப் பிடித்தபடி சற்றுப் பக்கவாட்டில், தரையில் குந்தினார். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் சத்தம் போட்டது. “அன்னைக்கு நான் சொன்னது பொய் கண்ணு. அந்தச் சாரு கேட்டப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. நீ ஆடுனே, எல்லாரும் பாத்தாங்க, அதனால நீ என்ற பொண்ணு இல்லீன்னு சொல்லிட்டேன். தப்பு. நீ என்ற பொண்ணு.” கிளினிக் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும்.

அவள் யோசித்தாள். பையின் வாரை மூன்று தரம் மடித்து விரித்தாள். “பிழை இருந்தா இங்க திருத்தக் கூடாது” என்றாள். “பதிவு பண்ணுன எடத்துல, அதே ஆளுங்க முன்னால திருத்தணும்.”

அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பிழை திருத்தல் பத்திரம். பதிவான பத்திரத்தில் பிழை இருந்தால் வீட்டில் உட்கார்ந்து அழித்து எழுத முடியாது, முதலில் கையெழுத்துப் போட்டவர்களே மறுபடி வந்தாக வேண்டும். அர்த்தநாரி போனை எடுத்தார். பரமேசுவரி எடுத்ததும், பந்தியில தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டுட்டு எனக்கு வலது பக்கம் உக்காந்தாரே, பெண் வீட்டு ஆளு, அவரு நம்பர் வேணும் என்றார். எதுக்குடா என்றாள் அக்கா. வேணும் என்றார். அவள் யாரையோ கேட்டுவிட்டு நம்பர் சொன்னாள். ஸ்பீக்கரைப் போட்டுக் காலி நாற்காலியில் போனை வைத்தார்.

“வணக்கமுங்க, நான் பவானி அர்த்தநாரி பேசறனுங்க. பத்திர எழுத்தர். ஞாயித்துக்கெழமை பந்தியில பக்கத்துல உக்காந்திருந்தமுங்களே.”

“அட, சொல்லுங்க, சொல்லுங்க. நல்லா இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க. அன்னைக்கு என்கூட ஒரு பொண்ணு இருந்துச்சுங்களே, உங்க பொண்ணான்னு நீங்க கேட்டீங்க. நான் தெரிஞ்சவங்க பொண்ணுன்னு சொல்லிட்டனுங்க. அது பொய்யிங்க. அது என்ற பொண்ணுதானுங்க. பேரு சுகந்தி.”

அந்த நல்ல மனுசன் உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: “எந்தப் பொண்ணுங்க? எனக்கு அப்பிடி ஒண்ணும் நெனப்பில்லீங்களே.”

நெனப்பில்லை. மூன்று நாள். இவர் பெற்றவளை யாருக்கு முன்னால் மறைத்தாரோ, அவருக்கு அப்படி ஒரு கேள்வி கேட்டதே நினைவில் இல்லை. “பரவால்லீங்க. சொல்லணும்னு தோணுச்சு” என்றார் அர்த்தநாரி. “சரிங்க, ஒரு நாளைக்கு வீட்டுப்பக்கம் வாங்க” என்று அவர் வைத்துவிட்டார்.

சுகந்தி பையைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவையும் நீள நோட்டையும் எடுத்தாள். நோட்டைக் கூடவே கொண்டு வந்திருக்கிறாள். திறக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். படிவத்தோடு நின்ற பெண் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். அடுத்தது பதினொன்றுதான். அர்த்தநாரி இன்னும் தரையில்தான் இருந்தார். காலையில் நாக்கு தட்டிய இடம் இப்போது மறுபடி தட்டியது. சொல்லியாச்சு. யாருகிட்ட? அவருக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டார்.

“பல்லு எப்ப இருந்து கண்ணு வலிக்குது?”

“ஞாயித்துக்கெழமை” என்றாள். தண்ணீர் கேனில் ஒரு குமிழி எழும்பியது, அது மேலே போய்ச் சேரும்வரை பார்த்துவிட்டு, பேப்பர் படிக்கிற குரலில் சொன்னாள்: “இனிப்பு சாப்பிட்டதும். ‘அப்பா, மேட்டூர் நூத்திப் பதினாலு, மேற்குக் கரை’ன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் அந்தச் சார் உங்க பொண்ணான்னு கேட்டாரு.”

அன்றைக்குப் பேப்பரில் எழுபத்தொன்று. அது அவருக்கு நன்றாகவே தெரியும், அன்று காலையில் சோப்புத் தாடையோடு “ம்” என்று கேட்டதுதான். அவள் சொன்ன ‘அப்பா’ அன்றைக்குக் கூப்பிட்டதைத் திருப்பிச் சொன்னதா, இன்றைக்குக் கூப்பிட்டதா என்று மட்டும் தெரியவில்லை. படிவத்தை வாங்கி, உறவு என்ற இடத்தில் ‘அப்பா’ என்று தன் அச்சுக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். பதினொன்றைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து முன்னால் நடந்தாள். அவர் ஒரு எட்டு விட்டுப் பின்னால் போனார்.